1948-ல் நிற்கும் ஒரு ஃபோர்டு ரோட்ஸ்டர்: கை கொடுத்த எல்லோருக்கும் நன்றி

கார் முடிந்துவிட்டது. 1932 ஃபோர்டு ரோட்ஸ்டரின் பிளாஸ்டிக் மாடல், 1/25 அளவு, கூரை இல்லை, மட்கார்டு இல்லை, கலிஃபோர்னியாவின் எல் மிராஜ் வறண்ட ஏரியில் 1948 கோடையில் ஓட வந்த ஒரு ஹாட் ராட் எப்படி இருந்திருக்குமோ அப்படி. நிஜக் காரில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 106 அங்குலம், என் மேஜையில் நிற்பதில் 108 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. இதைச் செய்து முடிக்க உதவிய இங்கே மிச்சிகனில் இருக்கும் நண்பர்களுக்கு ஆங்கிலத்தில் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் உதவியவர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள், அவர்களுக்கும், இந்தப் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துத் தமிழில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஹாட் ராட் என்றால் என்ன என்று முதலில் ஒரு வார்த்தை. பழைய, மலிவான காரை வாங்கி, எடையைக் குறைக்க வேண்டாததையெல்லாம் கழற்றிப் போட்டு, எஞ்சினைத் தேற்றி, வேகத்துக்காகவே மறுபடி கட்டிய கார். தெற்குக் கலிஃபோர்னியாவில் இது 1930-களிலேயே பெரிதாகக் கிளம்பிவிட்டது, அங்கே கிளப்புகள் சேர்ந்து எஸ்சிடிஏ என்ற வேகப்போட்டிச் சங்கத்தை ஆரம்பித்தது 1937-ல். போர் முடிந்து பையன்கள் ஊர் திரும்பியதும் வேகம் இன்னும் கூடியது. அவர்கள் அதிகம் தேடியது 1932 ஃபோர்டைத்தான். சாதாரண ஜனங்கள் வாங்கும் விலையில் வி8 எஞ்சினோடு வந்த கார் அது, 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். இன்று கேட்டால் குறைவாகத் தெரியும், அன்றைக்கு அந்த விலைக்கு வேறு யாரும் அதைக் கொடுக்கவில்லை.

நான் எனக்கு வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: 1948-க்குப் பிறகு வந்த எதுவும் இந்தக் காரில் இருக்கக் கூடாது. கீழே நான் சொல்லப்போகும் ஒவ்வொருவரும் அந்த விதியை என்னைவிடக் கறாராகப் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் நன்றி டியர்பர்னில் இருக்கும் பெரியவருக்கு. பெயர் போட வேண்டாம் என்றார், அதனால் போடவில்லை. அவரிடம் நிஜமான 1932 ரோட்ஸ்டர் இருக்கிறது. யாரோ அறிமுகப்படுத்திய ஆள் நான், என்னைக் கராஜுக்குள் விட்டு, காருக்கு அடியில் படுக்க ஒரு பலகையும் டார்ச்சும் கொடுத்து, மதியம் முழுக்க அளவு எடுக்க விட்டார். 1932-ன் சேசிஸ் சட்டத்தின் வெளிப்பக்கத்தில் நீளமாக ஒரு வளைவுக் கோடு அச்சாகி இருக்கும், மட்கார்டைக் கழற்றினாலும் கார் அரைகுறையாகத் தெரியாமல் இருப்பதற்கு அந்தக் கோடுதான் காரணம் என்று விரலால் தடவிக் காட்டினார். அதைக் கையில் உணர்ந்த பிறகு மாடல் கிட்டில் (பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களில்) இருந்த கோடு எனக்குப் போதவில்லை, மெல்லிய ரம்பத்தின் முதுகால் கீறி ஆழப்படுத்தினேன்.

அவர் சொல்லித்தான் ஒரு ஹாட் ராடில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வயது உண்டு என்பது புரிந்தது. பாடி 1932. ஆனால் அந்த வருடத்து பிரேக் கம்பியால் இழுக்கும் பிரேக், ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது 1939-ல்தான், அதனால் பையன்கள் எல்லோரும் 1939-க்குப் பிந்தைய பிரேக்கைக் கழற்றிவந்து மாட்டினார்கள். கண்ணீர்த்துளி வடிவத்தில் இருக்கும் பின்விளக்கும் 1939 காருடையது. சக்கரம் 1940-ன் இரும்புச் சக்கரம், பின்னால் 7.00-16 டயர், முன்னால் அதைவிடச் சின்னது. "ரேடியல் டயர் போட்டால் என் வீட்டுக்கு வராதே" என்று சொல்லித்தான் அனுப்பினார். ஐயா, போடவில்லை. பிரேக் குழாய்கூட நீங்கள் காட்டிய வழியில்தான் சட்டத்தின் உட்பக்கமாகப் போகிறது, தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தால் தெரியும்.

அப்புறம் எஞ்சின். இங்கேதான் அதிக நேரம் போனது, அதிகப் பேர் உதவியதும் இங்கேதான். கிட்டோடு வந்த எஞ்சின் நான் நினைத்த காலத்துக்குப் பொருந்தவில்லை. எங்கள் மாடல் குழுவில் ஒருவர் தன் பார்ட்ஸ் பாக்ஸைத் திறந்து 1948 ஃபோர்டு கிட்டின் ஃப்ளாட்ஹெட் எஞ்சினை, அதாவது வால்வுகள் பிளாக்கிலேயே இருந்து மேலே ஹெட் வெறும் தட்டை மூடியாக இருக்கும் பழைய வகை எஞ்சினை, எடுத்து நீட்டினார். (இந்தப் பொழுதுபோக்கில் பார்ட்ஸ் பாக்ஸ் என்பது அவரவர் சேர்த்த சொத்து. அதிலிருந்து ஒன்றைக் காசில்லாமல் எடுத்துக் கொடுக்கிறார் என்றால் அது பெரிய மனசு.) கொடுத்ததோடு விடவில்லை, ஹெட்டில் போல்ட்டை எண்ணச் சொன்னார். 1932-ன் எஞ்சினில் ஒரு ஹெட்டுக்கு 21, 1948-ன் எஞ்சினில் 24. அவர் கொடுத்ததில் சரியாக 24 இருந்தது. நான் சேர்த்து வைத்திருந்த எக்சாஸ்ட் குழாய்களில் பக்கத்துக்கு நான்கு இருந்ததைப் பார்த்து, அதைக் கீழே வை என்றார். ஃபோர்டு ஃப்ளாட்ஹெட்டில் நடுவில் இருக்கும் இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே வாய்தான், ஆக பக்கத்துக்கு மூன்று குழாய். அந்தச் சூடான புகை பிளாக்கின் உள்ளே தண்ணீர் ஓடும் இடத்தை ஒட்டியே வெளியே வருவதால்தான் இந்த எஞ்சின் சீக்கிரம் கொதிக்கும் என்றும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வாட்டர் பம்ப் இருக்கும் என்றும் சொன்னார். நான்கு ஹோஸும் ரேடியேட்டருக்குப் போய்ச் சேர்ந்திருப்பது அவர் புண்ணியம். புது எக்சாஸ்ட்டை சாலிடர் கம்பியை வளைத்துச் செய்தேன், அதற்கும் அவரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பிளக் வயருக்கு கோயம்புத்தூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் என் மச்சானுக்கு நன்றி சொல்ல வேண்டும். நிஜ வயர் 7 மில்லிமீட்டர் கனம், 25-ஆல் வகுத்தால் 0.28. மாடல்காரர்களுக்கென்று விற்கும் வயர் எனக்குக் கிடைத்த வரையில் தடிமனாக இருந்தது. போனில் மச்சானிடம் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை, "32 கேஜ் வேணும் உங்களுக்கு, எனாமல் போட்டது, அனுப்பி விடறேன்" என்றார். ஊரிலிருந்து வந்த ஒருவர் பெட்டியில், முறுக்குப் பொட்டலத்துக்கும் பருப்புப் பொடிக்கும் நடுவே, ஒரு ரீல் செம்புக் கம்பி வந்து சேர்ந்தது. மச்சான், உங்கள் கடைக் கம்பி எட்டுத் துண்டாக, இந்த எஞ்சினின் முன்பக்கம் தாழ்வாக இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து பிரிந்து ஹெட் ஓரமாக ஓடுகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்டார்கள்.

எங்கள் தெருவில் இருக்கும், பிளாஸ்டிக் வார்க்கும் அச்சுகளை வெட்டும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவரைப் பற்றி ஒரு தனிக் கடிதமே எழுதலாம். இந்த ஊர்க்காரர்களுக்கு இது சாதாரணம், ஆனால் எனக்கு இன்னும் ஆச்சரியம்: கார் மாடல் கிட்டுகளைப் பெரிய தொழிலாக்கிய ஏஎம்டி நிறுவனம் அன்றைக்கு இங்கே பக்கத்தில் டிராய் நகரத்தில் இருந்த கம்பெனி. 1948-ல் ஆரம்பித்து, முதலில் ஷோரூம்களுக்கு 1/25 அளவில் விளம்பர மாடல் செய்து கொடுத்து, 1958-லிருந்து ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டக்கூடிய கிட்டுகளை விற்றவர்கள். இவர் அந்தக் கம்பெனியில் இல்லை, ஆனால் அதே தொழில். பெரிய அளவில் படிவத்தைச் செதுக்கி, பான்டோகிராஃப் வைத்து அதைச் சுருக்கி இரும்பில் அச்சு வெட்டுவது எப்படி என்று காகிதத்தில் வரைந்து காட்டினார். உருகிய பிளாஸ்டிக் ஓடிப் போய் நிரம்ப வேண்டும், ஆறியதும் அச்சிலிருந்து வழுக்கி வெளியே வர வேண்டும், அதனால்தான் கண்ணாடிச் சட்டம் தேவைக்கு மேல் தடிமனாகவும் கதவுக் கோடு ஆழம் குறைவாகவும் இருக்கிறது. காரணம் தெரிந்ததும் எங்கே இழைக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்று தெளிவாகிவிட்டது. முன்கண்ணாடிச் சட்டத்தை நான் பித்தளைக் கம்பியில் புதிதாகச் செய்தது அவர் பேச்சைக் கேட்ட மறுநாள்.

பெயின்ட் விஷயத்தில் ஒரு பாடி ஷாப்பில் கலர் கலக்கும் தம்பிக்கு நன்றி. நீலம்தான் வேண்டும் என்று நின்றேன், 1932-ல் ஃபோர்டு அடித்த அந்த அடர் நீலம். அதையே அப்படியே அடித்தால் இவ்வளவு சின்ன காரில் கறுப்பாகத்தான் தெரியும், ஒரு துளி வெளிறலாகக் கலக்கிறேன் என்றார், அவர் சொன்னதுதான் சரி. ஆகஸ்ட் ஈரக்காற்றில் லாக்கர் பெயின்ட் வெள்ளையாகப் பூத்துப் போனபோதும் அவரைத்தான் கூப்பிட்டேன். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படிகிறது, காய்வதை மெதுவாக்கும் ரிட்டார்டர் கொஞ்சம் சேர்த்து மெல்லிசாக மேலே இன்னொரு தடவை அடி என்றார். வெண்மை போய்விட்டது.

சீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நண்பர் ஒருவரின் அம்மா மதுரையிலிருந்து வந்து சில மாதம் தங்கியிருந்தார், ஆயுள் முழுக்கத் தையல் வேலை பார்த்தவர். அந்தக் காலத்து ஹாட் ராட் சீட்டில் வரிவரியாகப் புடைத்து நிற்கும் தையலின் படத்தை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நன்றாகப் பார்த்துவிட்டு, "இது மேலே தைச்சது இல்ல தம்பி, ரெண்டு துணிக்கு நடுவுல பஞ்சை வச்சு வரிசையா தைச்சிருக்காங்க, அதான் தையல்ல அமுங்கி நடுவுல உருண்டையா நிக்குது, மடங்குற இடத்துல பாருங்க, வரி ஒண்ணையொண்ணு நெருக்கும்" என்றார். அரைவட்டப் பிளாஸ்டிக் பட்டைகளை ஒட்டி சீட் செய்தபோது அந்த மடிப்பு நெருக்கத்தை அவர் சொன்னபடியே கொண்டுவந்தேன். எத்தனையோ பேர் அந்த சீட்டை நிஜத் தோல் என்று நினைத்துத் தொடப் பார்த்தார்கள். அம்மா, ரொம்ப நன்றி. அடுத்த தடவை வரும்போது காரை உங்கள் கையில் கொடுக்கிறேன்.

லேத்தில் கார்புரேட்டர் மூடிகளைக் கடைந்து கொடுத்த நண்பருக்கும், தன் காரின் அடிப்பக்கத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பிய கலிஃபோர்னியா நண்பருக்கும், சாப்பாட்டு மேஜையில் பாதியை இத்தனை நாள் விட்டுக் கொடுத்த என் மனைவிக்கும் நன்றி.

கார் டொலீடோவில் நடக்கும் என்என்எல் என்ற மாடல் கார் காட்சிக்குப் போகிறது. அங்கே நடுவர்கள் கிடையாது, மாடல் கொண்டு வருகிறவர்களே பார்த்து ஓட்டுப் போடுவார்கள். பக்கத்தில் இருக்கிறவர்கள் வாருங்கள், பானெட்டைத் திறந்து காட்டுகிறேன். அடுத்தது 1951 மெர்குரி, கூரையை அறுத்துத் தாழ்த்துவதாக இருக்கிறேன். அந்தக் காரில் முன்கண்ணாடியின் இரு பக்கமும் கூரையைத் தாங்கும் முன்தூண் நன்றாகச் சாய்ந்திருக்கும் என்பதால் அறுத்ததும் கூரை பொருந்தாது. அதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். மச்சான் அனுப்பிய ரீலில் இன்னும் நிறையக் கம்பி மிச்சம் இருக்கிறது, பிளக் வயருக்கு வேண்டுமென்றால் கேளுங்கள், வெட்டிக் கவரில் போட்டு அனுப்பி வைக்கிறேன்.