பனிக்காலமும் செமஸ்டரும்: கல்விக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பல்கலைக்கழகக் கல்விக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் வேதியியல் கற்பிக்கும் நான், பனிச்சறுக்குப் பயிற்சி பெறும் எங்கள் மாணவர்கள் சிலருக்காக இம்மடலை எழுதுகிறேன். பனி பெய்யாத ஊரில் பனிச்சறுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அதே போலப் பனி பெய்யாத குடகைச் சேர்ந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா, கிராஸ் கன்ட்ரி எனப்படும் நெடுந்தூரப் பனிச்சறுக்கில் இந்தியாவின் சார்பில் பன்னாட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டவர்.

தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். பனிச்சறுக்குக்குப் பெயர்பெற்ற காஷ்மீரின் குல்மார்க்கும் ஏறத்தாழ அதே உயரம்தான். ஆனால் நாம் நிலநடுக்கோட்டை நெருங்கி இருப்பதால், இங்கே மார்கழியிலும் தையிலும் புல்மீது உறைபனி படிவதோடு சரி. ஆகவே ஆண்டின் பெரும்பகுதி தார்ச்சாலையில், சக்கரம் வைத்த ரோலர் ஸ்கீயில்தான் பயிற்சி. கேரட் லாரிகளும் சுற்றுலா வண்டிகளும் சாலையை நிறைப்பதற்கு முன், ஊன்றுகோலின் உலோக முனை தாரில் டக் டக்கென்று ஒலிக்க மேடேறுகிறார்கள். அவர்களுடைய ரோலர் ஸ்கீக்குப் பிரேக் இல்லாததால், இறக்கத்தில் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே இறங்குகிறார்கள். பிறகு நேரத்துக்கு வகுப்புக்கும் வந்துவிடுகிறார்கள்.

அவர்களால் சமாளிக்க முடியாதது செமஸ்டர் அட்டவணையைத்தான். குல்மார்க்கிலும் உத்தராகண்டின் அவுலியிலும் சறுக்குவதற்கேற்ற பனி பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் கிடைக்கிறது. நம் வகுப்புகளும் உள்மதிப்பீட்டுத் தேர்வுகளும் அதே மாதங்களில்தான் நடக்கின்றன. 90 வேலை நாட்களில் 75 விழுக்காடு வருகை வேண்டுமென்றால், வராமல் இருக்கக்கூடியது 22 நாட்கள். கோவை, டெல்லி, ஸ்ரீநகர் என்று ரயிலும் பேருந்தும் மாறிப் போய்வரவே ஒரு வாரம் ஆகிவிடுகிறது. இரண்டு வார முகாமோடு கணக்கு தீர்ந்துவிடுகிறது, போட்டிக்கும் காய்ச்சலுக்கும் நாள் மிஞ்சுவதில்லை. கால்பந்து ஆடும் மாணவர் மாலையில் மைதானத்துக்குப் போய் மறுநாள் காலை வகுப்புக்கு வந்துவிடலாம். இவர்களுக்கு அந்த வசதி இல்லை. போட்டிக்குக் கிடைக்கும் ஓ.டி. (வராத நாளையும் வருகையாகக் கணக்கிடும் ‘ஆன் டியூட்டி’ அனுமதி) முகாமுக்குக் கிடைப்பதில்லை. நன்றாகப் படிக்கும் மாணவி ஒருவர், முகாமுக்குப் போன ஒரே காரணத்தால் உள்மதிப்பீட்டில் பூஜ்யம் பெற்று அரியர் வைத்ததை நான் பார்த்தேன். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாங்கள் மதிப்பெண் சலுகை கேட்கவில்லை. தேர்வும் பாடமும் அப்படியே இருக்கட்டும். நாள் மட்டும் மாறட்டும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி முகாம்களுக்கும் ஓ.டி. வழங்கி, தவறிய உள்மதிப்பீட்டுத் தேர்வை ஏப்ரலில் எழுத அனுமதியுங்கள். பாடக் குறிப்புகளைத் தோழர்களிடம் வாங்கிப் படித்துக்கொள்ளலாம். ஆனால் பியூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் அந்தக் கணத்தில் நிறுத்துவதை அடுத்தவர் நோட்டைப் பார்த்துக் கற்க முடியாது. எனவே செய்முறை வகுப்புகளை மட்டும் மே விடுமுறையில் முடிக்க வழி செய்யுங்கள். ஆய்வகத்தைத் திறந்து உடனிருக்க நான் தயார்.

ஜனவரிப் பயணத்துக்கான ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடுவதால், இதற்கான சுற்றறிக்கையை அக்டோபர் முடிவதற்குள் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
உதகமண்டலம்.