கோடக்கன் பிள்ளை வழக்கைச் சொல்லித் தந்த சேருக்கு

அன்புள்ள சேர்,

போன மாதம் ஹட்டனில் நடந்த கூட்டத்தில் நான் பின்வரிசையில் இருந்தேன். மழைக்கு ஒதுங்கியவர்களும் சேர்ந்து மண்டபம் நிறைந்திருந்ததால் நீங்கள் என்னைக் கண்டிருக்க மாட்டீர்கள். கருக்கலைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று அந்தச் சட்டத்தரணிப் பிள்ளை பேசி முடித்ததும் நீங்கள் எழும்பி இரண்டு விஷயம் சொன்னீர்கள். கருவில் இருப்பதும் உயிர்தான், அதில் கை வைக்க யாருக்கும் உரிமை இல்லை என்பது ஒன்று. அப்படிக் குறை உள்ளவர்கள் நீதிமன்றத்துக்குப் போகட்டும், அமெரிக்காவிலேயே 2022இல் நீதிமன்றம்தான் இதைச் சரிசெய்தது, ஊர்க் கூட்டத்தில் பேசுகிற பேச்சா இது என்பது மற்றது. எல்லாரும் கை தட்டினார்கள். நீங்கள் பேசி முடித்தால் தட்டிப் பழகிய கை, எனக்கும் தானாக எழும்பியது, பாதியில் இறக்கிக்கொண்டேன்.

உங்கள் முன்னால் நின்று எதிர்த்துப் பேச எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நீங்கள் சொன்னது எல்லார் முன்னாலும் சொன்னது, அதனால் இதையும் எல்லாரும் வாசிக்கும்படிதான் போடுகிறேன்.

முதலில் நீதிமன்றத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதுதான் என்னை ராத்திரி தூங்க விடாத பகுதி. பத்தாம் ஆண்டில் நீங்கள்தான் எங்களுக்குக் கோடக்கன் பிள்ளை வழக்கைச் சொல்லித் தந்தீர்கள். பாடப் புத்தகத்தில் அது இருக்கவில்லை. கரும்பலகையில் "ருவன்வெல்ல" என்று தொகுதியின் பெயரை எழுதி, அதற்குக் கீழே 1948, 1949 என்று இரண்டு வருஷங்களை எழுதி, ஒன்றில் மலையகத் தமிழரான நம் குடியுரிமை போனது, மற்றதில் வாக்கு போனது என்றீர்கள். கோடக்கன் பிள்ளை தன் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கச் சொல்லிப் போராடினார், இங்கே 1951இல் உயர் நீதிமன்றம் கைவிட்டது, மேன்முறையீடு போன இலண்டன் பிரிவி கவுன்சிலும் 1953இல் கைவிட்டது, யார் தன் குடிமக்கள் என்று தீர்மானிப்பது சட்டசபையின் இயல்பான வேலை என்று அங்கே சொல்லிவிட்டார்கள் என்று சொன்னபோது உங்கள் குரல் உடைந்தது. அப்பா அம்மா தேயிலை மலையில் வேலைக்கு நிற்கும் பிள்ளைகள் நாற்பது பேர் மூச்சுவிடாமல் இருந்தோம். அப்புறம் நீங்கள்தான் சொன்னீர்கள், போன குடியுரிமை வழக்கால் திரும்பி வரவில்லை, தொழிற்சங்கங்கள் தலைமுறை தலைமுறையாக நெருக்கி, நம் வாக்கு தேவைப்படுகிற காலமும் வந்த பிறகு பாராளுமன்றத்தின் வழியாகத்தான் வந்தது, அதில் ஒரு சட்டம் 2003இல் என்று. அந்தப் பாடத்தைப் படிப்பித்த வாயால் "நீதிமன்றத்துக்குப் போகட்டும்" என்று எப்படிச் சொன்னீர்கள் சேர்?

போகத்தான் முடியுமா என்று பார்த்தேன். கருக்கலைப்பைக் குற்றமாக்குவது தண்டனைச் சட்டக் கோவையின் 303ஆம் பிரிவு. 1883இல் வெள்ளைக்காரன் எழுதியது, கோப்பி நோயில் பட்டுப்போய்த் தேயிலை தலையெடுத்த காலம். தாயின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தால் மட்டும் குற்றமில்லை, வேறு எதற்காகச் செய்தாலும் மூன்று வருஷம் வரை சிறை, வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிய பிறகு என்றால் ஏழு வருஷம் வரை. தானே கலைத்துக்கொள்கிறவளும் அதே பிரிவுக்குள்தான் வருகிறாள். இனி நமது 1978 அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரையை எடுங்கள். அதற்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது. 80ஆம் உறுப்புரை, ஒரு சட்டமூலம் சட்டமாகிவிட்டால் அது செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது என்கிறது. அடிப்படை உரிமை மனு என்று நாம் போடுவது அரசாங்கமும் அதிகாரிகளும் செய்கிற காரியத்துக்கு எதிராக. பொலிஸ்காரர் அநியாயம் செய்தால் மனுப் போடலாம், 1883ஆம் ஆண்டுச் சட்டமே அநியாயமாக இருந்தால் போட வழியில்லை. அதை இரத்துச் செய்கிற அதிகாரம் நீதியரசர்களுக்கு இல்லை, அவர்கள் மனம் வைத்தாலும் இல்லை. சட்டமூலமாக இருக்கும்போது, அரசியலமைப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்லலாம், அவ்வளவுதான்.

ஆக நீங்கள் காட்டிய கதவு சுவரில் வரைந்த கதவு. அது உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்றுதான் நம்புகிறேன்.

அமெரிக்க விஷயமும் நீங்கள் சொன்ன மாதிரி இல்லை. 1973இல் ரோ எதிர் வேட் வழக்கில், இது அரசியலமைப்பு தரும் உரிமை என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 ஜூனில் அதே நீதிமன்றம் அப்படி ஒரு உரிமை அதில் இல்லை என்று மாற்றிச் சொன்னது. ஆனால் கருக்கலைப்பை அது தடை செய்யவில்லை, மக்களும் அவர்கள் தெரிவு செய்தவர்களும் முடிவு செய்யட்டும் என்று அனுப்பிவிட்டது. ஐம்பது வருஷம் இருந்த உரிமை ஒரு காலையில் பல மாநிலங்களில் இல்லாமல் போனதைப் பார்த்து எனக்குக் கவலைதான் வந்தது. என்றாலும் நீங்கள் சாட்சிக்கு அழைத்த தீர்ப்பே, இது ஊர்க் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம் என்றுதான் சொல்கிறது.

பேசியே மாற்றிய நாடு அயர்லாந்து. 2012 ஒக்டோபரில் சவிதா ஹலப்பனவர் என்ற இந்தியப் பெண், பல் வைத்தியர், 31 வயது, பதினேழாவது வாரத்தில் கர்ப்பம் கலையத் தொடங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். கரைத்துவிடுங்கள் என்று கேட்டார். கருவின் இதயம் துடிக்கிறது என்று மறுத்தார்கள், கிருமி உடம்பில் பரவி இறந்துபோனார். கத்தோலிக்க நாடு சேர் அது. 2018 மே மாதம் சர்வசன வாக்கெடுப்பு வைத்து நூற்றுக்கு 66 பேர் தடையை நீக்கச் சொன்னார்கள்.

நம் நாட்டில் இந்தத் திருத்தம் இரண்டு தடவை பாராளுமன்றத்தின் வாசல்படி வரைக்கும் வந்தது. 1995இல் தண்டனைச் சட்டக் கோவையைத் திருத்தியபோது வல்லுறவுக்குத் தண்டனையைக் கூட்டினார்கள், தகாத உறவைக் குற்றமாக்கினார்கள், அவற்றால் உண்டாகும் கருவைப் பற்றிய பகுதியை மட்டும் எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். 2017இல் வல்லுறவால் உண்டான கரு, பிழைக்கவே முடியாத குறைபாடுள்ள கரு என்ற இரண்டுக்கு மட்டும் இடம் கொடுக்க அமைச்சரவை சம்மதித்தது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள், அத்தோடு கிடப்பில் போட்டார்கள்.

அந்த இரண்டாவது காரணத்தைப் பற்றித்தான் நான் அக்காவைக் கேட்டு, அவள் சரி என்ற பிறகு எழுதுகிறேன்.

உங்களுக்கு அவளைத் தெரியும். உங்களிடம் படித்தவள்தான், சாதாரண தரத்தோடு நின்று பெயர் பதிந்து கொழுந்துக்குப் போனவள். இரண்டாவது பிள்ளைக்கு ஐந்து மாதத்தில் ஸ்கேன் எடுக்க ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான்தான் கூடப் போனேன். வைத்தியர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு இன்னொரு வைத்தியரைக் கூப்பிட்டார், இரண்டு பேரும் சிங்களத்தில் மெதுவாகப் பேசினார்கள். மண்டையோடு உருவாகவில்லை, பிறந்தாலும் சில நிமிஷம், மிஞ்சினால் சில மணித்தியாலம். அப்படியென்றால் இப்போதே எடுத்துவிட முடியாதா என்று அக்கா கேட்டாள். அவர் நல்ல மனிதர், கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னார். "சட்டம் விடாது நங்கி. உங்க உசிருக்கு ஆபத்து இல்லத்தானே."

நாலு மாதம் சேர். நாலு மாதம் அவள் அந்த வயிற்றோடு தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்கும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துக்கும் போய் வந்தாள். வயிறு உருண்டையாக இருக்கிறது, பொம்பளப் புள்ளதான் என்று மேட்டு லயத்துப் பாட்டி தடவிப் பார்த்துச் சொல்லும், இவள் சிரிக்க வேண்டும். மாமியாரிடம் அத்தான் சொல்லவில்லை, சொன்னால் கோயில் கோயிலாக இழுத்துக்கொண்டு போவார் என்று பயம். அதனால் வளைகாப்பும் நடந்தது. பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல், கை நிறையப் போட்டார்கள். அன்று ராத்திரி சவர்க்காரம் தடவி ஒவ்வொன்றாகக் கழற்றினேன், ஒன்றாவது உடைந்தால் சத்தம் கேட்டு மாமியார் எழும்பிவிடுவார் என்று அக்கா கையை ஆடாமல் நீட்டிக்கொண்டு இருந்தாள். அவை இன்னும் ஒரு நெஸ்டமோல்ட் டின்னுக்குள் இருக்கின்றன.

பிள்ளை இருபது நிமிஷம் இருந்தது. ஆண் பிள்ளை. அத்தான் அட்டைப்பெட்டியில் வைத்து ஆட்டோவில் கொண்டு வந்தார், மழை, சாரல் படாமல் மேலே தன் ஜேர்சியைப் போட்டிருந்தார்.

அந்தப் பிள்ளையும் உயிர்தான். அதை நான் மறுக்கவே இல்லை, அக்காவும் மறுக்க மாட்டாள், அவள்தான் அதற்கு மனசுக்குள் ஒரு பெயரும் வைத்திருக்கிறாள். நான் கேட்பது வேறு. அந்த நாலு மாதத்தால் பிள்ளைக்கு என்ன கிடைத்தது? அவளை அதன் வழியே நடக்க வைக்க 303ஆம் பிரிவுக்கு என்ன உரிமை? சுமந்துதான் பெறுவேன் என்று சொல்கிற தாய்மாரும் இருக்கிறார்கள், அவர்களை நான் கும்பிடுவேன். அக்காவிடம் அப்படி யாரும் கேட்கவே இல்லையே.

கூட்டத்தில் நீங்கள் வெளிப்படையாகச் சொல்லாத ஒரு பயமும் உங்களுக்கு உண்டு என்று எனக்குத் தெரியும். கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம சனத்தைக் குறைக்கிறதுக்கு இன்னொரு வழி" என்றீர்கள். அந்தப் பயத்தை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு அரசாங்கம் 500 ரூபாய் வரை கொடுத்ததே, எங்கள் அம்மா அந்தக் காலத்து ஆள். தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அன்றைக்கும் பேர் விழும், சம்பளம் உண்டு என்றார்கள், பிள்ளை பெறுவது நின்றுவிடும் என்பதை ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கும்போது முன்னால் நின்ற பொம்பளை சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரியும். அந்தக் காசில் ஒரு பித்தளைக் குடம் வாங்கினாளாம். அந்தக் குடத்தை அவள் தண்ணீருக்கு எடுத்து நான் பார்த்ததில்லை.

அதனால்தான் சேர் சொல்கிறேன். அம்மாவை இனிப் பெறாதே என்றார்கள், அக்காவைப் பெற்றே தீர வேண்டும் என்றார்கள், இரண்டு பேரிடமும் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க ஆளில்லை. நீங்கள் பயப்படுகிற மாதிரி நடக்காமல் இருக்க, அவளுடைய சம்மதம் இல்லாமல் எதுவும் செய்யக்கூடாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும், அதை நம் மொழியில் அவளுக்கு விளக்க வேண்டும் என்றும் எழுத வேண்டும். அதைக் கேட்டு வாங்க நீங்கள்தான் சரியான ஆள். சட்டம் இப்போது இருக்கிற மாதிரியே கிடந்தால் யாருக்கு நட்டம் என்றும் பாருங்கள். காசு உள்ளவர்கள் இந்தியாவுக்குப் போகலாம், அங்கே 1971இலிருந்தே சட்டம் இருக்கிறது. லயத்துப் பிள்ளைக்கு யாரோ கைமாற்றி விற்கிற குளிசைதான். இரத்தம் நிற்காவிட்டாலும் பொலிசுக்குப் பயந்து கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும். ஆஸ்பத்திரிக்கு வந்தால் எந்த நிலையிலும் வைத்தியம் பார்க்கத்தான் வேண்டும் என்பதுகூட எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது.

நீதிமன்றமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நேபாளத்தில் லக்ஷ்மி திக்தா என்ற ஏழைப் பெண், கட்டணம் கட்டக் காசில்லாமல் வேண்டாத பிள்ளையைப் பெற வேண்டி வந்தது. அவருடைய வழக்கில் 2009இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், காசில்லை என்பதால் ஒருத்திக்கு இந்த உரிமை இல்லாமல் போகக்கூடாது, அரசாங்கம் வழி செய்ய வேண்டும் என்றது. ஆனால் அங்கே 2002இலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தபடியால்தான் அவர் வழக்குக்குப் போக முடிந்தது. இங்கே அந்த முதல் படியே கட்டவில்லை. 2024இல் நம் தோட்டத் தொழிலாளரின் 1,700 ரூபாய் நாட்சம்பள வர்த்தமானிக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டபோது, "இனிப் பாராளுமன்றத்தில் சண்டை பிடிக்க வேண்டியதுதான்" என்று நீங்கள்தானே பஸ் தரிப்பிடத்தில் சத்தம் போட்டீர்கள். சம்பளத்துக்குச் சரியான வழி இதற்கும் சரிதான்.

நம் மாவட்டத்திலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர்களில் உங்களிடம் படித்தவரும் இருக்கிறார், நீங்கள் கூப்பிட்டால் வருவார். 2017இல் அமைச்சரவை ஒத்துக்கொண்ட அந்த இரண்டு காரணங்களையாவது மறுபடி கொண்டுவரச் சொல்லி ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், லயம் லயமாகக் கையெழுத்து வாங்கப் போகிறோம். அதில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்று இப்போது கேட்கவில்லை. கையெழுத்துப் போடுகிற பொம்பளைகளைப் பாவம் செய்கிறவர்கள் என்று அடுத்த கூட்டத்தில் சொல்லாமல் இருந்தால் போதும், உங்கள் வார்த்தைக்கு இங்கே இன்னும் எடை இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு வேலை இல்லை. நீங்கள் வந்தால் பேசுவேன் என்று சொல்லியிருக்கிறாள், இதுவரைக்கும் வெளி ஆள் யாரிடமும் அவள் பேசியதில்லை. பகல் பஸ்ஸில் வந்துவிடுங்கள், பின்னேரம் மழை பிடித்தால் பணிய லயத்துப் படி வழுக்கும், நான் சந்தியில் குடையோடு நிற்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி