ஒற்றை இழையோடு பாடத்தை நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைத்தொழில் பயிற்சிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையில், கையால் சுழற்றி நூல் நூற்கும் சிறு கருவியான தக்களியில் நூற்பதை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம் என்று எழுதப்பட்டிருந்தது. பஞ்சை இழுத்து முறுக்கேற்றுவது ஒரு நாளில் ஓரளவு கைக்குப் பிடிபட்டுவிடும் என்பது உண்மையே. ஆனால் இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கக் கற்றுத்தராமல் பாடம் அங்கேயே முடிந்துவிடுவதால்தான், ஆர்வத்தோடு தொடங்குகிறவர்கள் சில நாள்களிலேயே தக்களியைப் பரணில் போட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

நான் கற்ற வகுப்பிலும் ஒற்றை இழையோடு நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தக்களியிலிருந்து கழற்றியதும், அந்த இழை தன்னைத்தானே பற்றிக்கொண்டு சுருள் சுருளாகத் திருகிக்கொண்டது. நூல் கெட்டுப்போயிற்று என்று எண்ணி எறிந்துவிட்டேன். அது கெடவில்லை, ஏறிய முறுக்கு அவிழ வழி தேடியது, அவ்வளவுதான் என்பது வெகுநாள் கழித்தே எனக்கு விளங்கிற்று. வலஞ்சுழியாக நூற்ற இரண்டு இழைகளைச் சேர்த்து இடஞ்சுழியாக முறுக்கினால், அவிழத் துடிக்கும் இரு இழைகளும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு அமைதியடைகின்றன. அப்படி முறுக்கிய நூலை ஒரு முழம் எடுத்து, இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிட்டால், திருகாமல் வளைந்து நிற்க வேண்டும்; திருகினால் முறுக்கு கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது என்று பொருள்.

புதிதாகக் கற்பவருக்கு இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்துக்கே முதலில் ஓடுவதால், தடித்த இடங்கள் தளர்ந்தே கிடக்கும். பழகாத கை நூற்ற இழை அந்த இடங்களில்தான் பிரிந்து போகும். இரண்டு இழைகள் சேரும்போது ஒன்றின் தளர்ந்த இடத்தை மற்றொன்று பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பொத்தான் தைக்கும் நூலின் முனையை எதிர்ப்பக்கமாகத் திருகிப் பாருங்கள், இரண்டு அல்லது மூன்று இழைகளாகப் பிரியும். முப்புரி என்ற சொல்லே நம்மிடம் இருக்கிறதே!

நெசவுக்கு ஒற்றை இழை போதாதா என்று கேட்கலாம். பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளுக்கு, கஞ்சி போட்டு வலுவேற்றும் வசதி நெசவாளருக்கு உண்டு; பின்னல் வேலைக்கோ தையலுக்கோ நூற்பவருக்கு அது கிடையாது.

இப்படி இரட்டையாக முறுக்க இரண்டாவது தக்களிகூட வேண்டியதில்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில், நூற்ற இழையை நடுவிரலில் மாட்டி மாட்டிக் கையைச் சுற்றி, பிறகு அதை மணிக்கட்டுக்கு வளையல்போல நகர்த்தி, இரு முனைகளையும் ஒருசேர உருவியபடியே முறுக்குகிறார்கள். தளர்வாகச் சுற்ற வேண்டும் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் இறுக்கிச் சுற்றியதில் நடுவிரல் நுனி கறுத்து மரத்துப்போயிற்று.

ஆகவே, பயிற்சி நடத்துவோர் முதல் நாளிலேயே, நான்கு முழ இழையே கையில் இருந்தாலும், அதை இரட்டையாக முறுக்கிக் காட்ட வேண்டுகிறேன். தாங்களும் அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, கையில் இழை சுற்றும் முறையைப் படங்களோடு வெளியிட்டால் வீட்டிலிருந்தே பழகுவோருக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்