அவர்கள் ஏன் அப்படிக் கத்தினார்கள்? மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

டிசி காமிக்ஸ் நாயகர்களின் தொலைக்காட்சித் தொடர்கள் ஒன்றுகூடிச் சொன்ன 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' கதையின் ஐந்து பகுதிகளையும் ஒரே மூச்சில் பார்த்து முடித்துவிட்டு நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. "கதை புரிந்தது மாமா. ஆனால் இதற்குப் போயா அப்படிக் கத்தினார்கள்?" என்று கேட்டிருந்தாய். கூடவே பழைய ரசிகர் வீடியோ ஒன்றையும் அனுப்பியிருந்தாய். சோபாவிலிருந்து துள்ளி எழுந்து, தலையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறார் அந்த ஆள். திரையில் ஓடுவதோ ஓரிரு நிமிடக் காட்சி. மின்னல் வேகத்தில் ஓடும் ஃப்ளாஷ் என்ற நாயகனின் உடை அணிந்த இருவர் எதிர்ப்படுகிறார்கள், திகைக்கிறார்கள், ஒருவர் உடையை மற்றவர் தொட்டுப் பார்க்காத குறையாகப் பாராட்டுகிறார்கள், பிரிகிறார்கள்.

நியாயமான கேள்விதான். கைப்பேசியில் துண்டு துண்டாகப் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை, அதனால்தான் கடிதம்.

அந்த ஆளின் சத்தம் ஐந்து ஆண்டுகளாக அடக்கி வைத்தது. கிராண்ட் கஸ்டின் நடித்த 'த ஃப்ளாஷ்' தொடர் 2014 அக்டோபர் 7 அன்று சிடபிள்யூ தொலைக்காட்சியில் தொடங்கியது. இரண்டு அத்தியாயங்கள்தான் ஒளிபரப்பாகியிருந்தன. அக்டோபர் 15 அன்று வார்னர் நிறுவனம் தன் வருங்காலத் திரைப்படங்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் ஃப்ளாஷ் படமும் இருந்தது, நாயகன் எஸ்ரா மில்லர். சின்னத்திரைப் பையனை அப்போதுதான் எல்லோருக்கும் பிடிக்க ஆரம்பித்திருந்தது. அந்த நேரம் பார்த்து, பெரிய திரைக்கு வேறு ஆள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அதன்பிறகு சினிமாக்காரர்கள் இந்தத் தொடர்கள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

2020 ஜனவரி 14 அன்று 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' கதையின் நான்காம் பகுதி வந்தது. மில்லர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மற்றப் படப்பிடிப்பெல்லாம் முடிந்தபிறகு தனியாக எடுத்து, வெளியே மூச்சுவிடாமல் சேர்த்திருந்தார்கள். அந்தக் காட்சியை இன்னொரு முறை பார். 'ஃப்ளாஷ்' என்ற பெயர் கஸ்டினின் வாயிலிருந்து வருகிறது. மில்லரின் பாரிக்கு (ஃப்ளாஷின் நிஜப் பெயர் பாரி ஆலன்) அது புதிது, அதைத் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறார். பெரிய திரைக்காரர் சின்னத்திரைக்காரரிடமிருந்து பெயரை வாங்கிக்கொண்டு போகிறார்! இதற்குக் கத்தாமல் வேறு எதற்குக் கத்துவது?

உன்னிடம் அந்த ஐந்து வருடம் இல்லை. நீ தப்பாக எதுவும் பார்க்கவில்லை, மருமகனே, இந்தக் கதையின் பாதி திரைக்கு வெளியே இருக்கிறது.

இன்னொன்றையும் நீ கவனித்திருக்க வாய்ப்பில்லை. ஃப்ளாஷ் தொடரின் முதல் அத்தியாயத்தின் முடிவில், பாரியின் வழிகாட்டி வெல்ஸ் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நடந்து ஒரு ரகசிய அறைக்குள் போய் எதிர்காலச் செய்தித்தாள் ஒன்றைப் பார்ப்பார். நெருக்கடியின்போது, அதாவது 'கிரைசிஸ்' சமயத்தில், ஃப்ளாஷ் மாயம் என்று தலைப்புச் செய்தி, தேதி 2024 ஏப்ரல் 25. அந்த ஒரு பக்கத்தை நிறுத்தி வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தவர்கள் ஏராளம். பிறகு 2019 மே மாதம் ஐந்தாம் பருவத்தின் கடைசி அத்தியாயத்தில், எல்லோர் கண்ணெதிரிலும் அந்தத் தேதி மாறியது: 2019 டிசம்பர் 10. 'கிரைசிஸ்' மூன்றாம் பகுதி ஒளிபரப்பானது அதே டிசம்பர் 10, செவ்வாய்க்கிழமை. கதைக்குள் இருந்த தேதியும் சுவரில் தொங்கிய நாட்காட்டியும் ஒன்றான நாள். அன்று பாரி ஆலன் சாகப் போகிறான் என்று நம்பித்தான் பலர் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார்கள்.

நம்புவதற்குக் காரணமும் இருந்தது. மார்வ் வுல்ஃப்மன் எழுதி ஜார்ஜ் பெரெஸ் வரைந்த 1985ஆம் வருடத்து மூலக் காமிக்ஸில் ஏழாம் இதழில் சூப்பர்கேர்ள் சாகிறாள், எட்டாம் இதழில் பாரி ஓடியே சாகிறான். பன்னிரண்டு இதழ் ஓடிய அந்தக் கதையை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் பாரியின் ஓட்டத்துக்காக மனதைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார்கள். அன்று ஓடியது பாரிதான், ஆனால் வேறு பாரி. 1990இல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கி ஒரே பருவத்தோடு நின்றுபோன பழைய ஃப்ளாஷ் தொடரின் நாயகன் ஜான் வெஸ்லி ஷிப், அதே பழைய உடையில் வந்து, கஸ்டினிடமிருந்து வேகத்தை வாங்கிக்கொண்டு, தானே ஓடிக் கரைந்துபோகிறார். ஓடும்போது குறுக்கே சில நொடிகள் மங்கலான பழைய படத்துணுக்குகள் வரும். இளம் வயது ஷிப், பக்கத்தில் அந்தப் பழைய தொடரில் உடன் நடித்த அமாண்டா பேஸ். நீ அதை ஏதோ நினைவுக்காட்சி என்று எடுத்துக்கொண்டிருப்பாய். அவை 1990இல் உண்மையிலேயே எடுத்த காட்சிகள்.

ஷிப்பை வெறுமனே அழைத்துவந்து கையசைக்க வைத்திருந்தால் போதும், கைதட்டல் கிடைத்திருக்கும். புதிய தொடரில் கஸ்டினின் அப்பாவாக நடித்தவரும் அவர்தான், அது உனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடத்துக்கு முன் பாதியில் விட்ட ஒரு கதாநாயகனுக்கு முடிவு என்று ஒன்றைக் கொடுத்தார்களே, அதுதான் பெரிய காரியம். ஐந்து பகுதிகளிலும் எனக்கு இதற்கு இணையான காட்சி வேறில்லை. மில்லர் வந்தது விசில் அடிக்கும் சங்கதி. ஷிப் போனபோது சத்தமே வரவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது.

இனி கோபங்களுக்கு வருகிறேன். கைதட்டியவர்களைப் பற்றி மட்டும் எழுதினால் கதை பாதிதான்.

டாம் வெல்லிங்கை எடுத்துக்கொள். 'ஸ்மால்வில்' அவர் இளவயது சூப்பர்மேனாக நடித்து, 2001 முதல் 2011 வரை பத்துப் பருவங்கள், 217 அத்தியாயங்கள் ஓடிய தொடர். தயாரிப்பாளர்கள் ஆரம்பத்திலேயே ஒரு விதி போட்டுக்கொண்டார்கள்: அந்த நீல உடை கிடையாது, பறப்பதும் கிடையாது. ரசிகர்கள் பத்து வருடம் காத்திருந்தார்கள். கடைசி அத்தியாயத்திலாவது வெல்லிங் முழு உடையில் நிற்பார் என்று பார்த்தால், தொலைவில் பறக்கும் ஒரு கணினி உருவமும், சட்டையைத் திறக்கும் ஒரு நெருக்கக் காட்சியும் தந்து முடித்துவிட்டார்கள். எட்டு வருடம் கழித்து 'கிரைசிஸ்' இரண்டாம் பகுதியில் வெல்லிங் வருகிறார் என்று அறிவிப்பு வந்தபோது அந்த ஆசை மறுபடி எழுந்தது. வந்தார். கட்டம் போட்ட சட்டையோடு பண்ணையில் விறகு பிளந்துகொண்டிருந்தார். சூப்பர்மேனின் பரம எதிரி லெக்ஸ் லூத்தர், சூப்பர்மேனின் சக்தியை உறிஞ்சும் பச்சைக் கல்லை நீட்டியதும் அதைச் சாதாரணமாகக் கையில் வாங்கித் தூக்கி எறிந்தார். சக்தியை எப்போதோ விட்டுக்கொடுத்துவிட்டாராம். மனைவி லோயிஸ் இருக்கிறாள், பெண்குழந்தைகள் இருக்கிறார்கள், அது போதுமாம்.

பாதிப் பேர் கண் கலங்கினார்கள். லோயிஸாக நடித்த எரிகா டுரான்ஸும் வெல்லிங்கும் அந்தப் பண்ணை வாசலில் சேர்ந்து நிற்பதைப் பார்த்ததே நிறைவு என்றார்கள். மீதிப் பேர் கொதித்தார்கள். பத்து வருடம் ஒருவன் சூப்பர்மேன் ஆவதற்காகக் காத்திருந்தோம், நாங்கள் பார்க்காத நேரத்தில் ஆகி, நாங்கள் பார்க்காத நேரத்திலேயே ராஜினாமாவும் செய்துவிட்டானா என்று கேட்டார்கள். நான் கோபப்பட்டவர்கள் பக்கம். காட்சி அழகாகத்தான் இருந்தது, வெல்லிங்கின் முகத்தில் இருந்த நிம்மதியும் பொய்யில்லை. ஆனாலும் பத்து வருடக் கடனை அடைக்க வந்தவர் புதுக் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் என்பது என் கட்சி. உன் அம்மா கண் கலங்கியவர்கள் பக்கம். இன்றுவரை இதில் எங்களுக்குள் சமரசம் இல்லை.

கெவின் கான்ராய் விஷயத்தில் நானும் உன் அம்மாவும் ஒரே பக்கம். 1992இல் தொடங்கிய பேட்மேன் அனிமேஷன் தொடரிலிருந்து ஏறத்தாழ முப்பது வருடம் பேட்மேனின் குரல் அவர். காமிக்ஸ் படிக்கும்போதே அந்தக் குரல்தான் மனதுக்குள் கேட்கும் என்று சொல்பவர்கள் எத்தனையோ பேர். அவர் முதன்முதலாகத் தன் சொந்த முகத்தோடு பேட்மேனாகிய புரூஸ் வேய்னாக நடித்தது இந்த இரண்டாம் பகுதியில்தான். என்ன கொடுத்தார்கள்? உலோகக் கூட்டுக்குள் உடம்பைச் செருகிக்கொண்டு நடமாடும், பலரைக் கொன்ற, சூப்பர்மேனையும் விட்டுவைக்காத ஒரு கசந்த கிழவன். மின்சாரம் தாக்கிச் சாகிறான், அதோடு சரி. நடிப்பில் அவர் குறை வைக்கவில்லை. அந்தக் குரல் மனித முகத்திலிருந்து வருவதைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. கொலை செய்யாத பேட்மேனாக ஒரு தலைமுறைக்கே தெரிந்தவரை முதல்முறை அழைத்து, கொலைகாரனாக நிறுத்த வேண்டுமா? கான்ராய் 2022 நவம்பரில் காலமானார். அந்தக் காட்சிக்கு இனி திருத்தம் கிடையாது.

முதல் பகுதியின் தொடக்கத்தில் வரும் முகங்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். நாயோடு நடந்துபோகிறவர் பர்ட் வார்ட், 1966இன் ராபின். செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பவர் ராபர்ட் வுல், 1989 பேட்மேன் படத்தின் நிருபர். மூன்றாம் பகுதியில் கட்டட உச்சியில் நிற்பவர் ஆஷ்லி ஸ்காட், 2002இன் 'பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே' தொடரிலிருந்து வந்தவர். ஒரு வரி பேசுவதற்குள் வானம் சிவந்து அவர்கள் உலகமே அழிந்துவிடுகிறது. தூரத்து உறவினருக்குப் பத்திரிகை வைத்து வரவழைத்து, வாசலில் சந்தனம் கொடுத்து, பந்தியில் உட்கார வைக்காமலே பஸ் ஏற்றிவிட்ட கதைதான். ஆனால் வந்தவர்களை அடையாளம் கண்டவர்களுக்கு அதுவே சந்தோஷம்.

'ஆரோ' தொடரின் வில்லாளி நாயகன் ஆலிவர் க்வீன் முதல் பகுதியிலேயே செத்தது உனக்குச் சப்பென்று இருந்ததாக எழுதியிருந்தாய். 2019 டிசம்பர் 8 இரவிலும் இதே பேச்சுத்தான். 2012இல் 'ஆரோ' என்ற ஒரு தொடர் இல்லாவிட்டால் மற்றத் தொடர்கள் எதுவும் இல்லை. அப்படிப்பட்டவனை முதல் மணி நேரத்திலேயே, அதுவும் வேறொருவர் தொடரில் சாகடித்தால் யார்தான் பொறுப்பார்கள்? மக்கள் தப்பிக்க நேரம் வாங்கித் தருவதற்காகத் தனியாக நின்று போராடி விழுகிறான், மரணம் என்ற அளவில் கௌரவமானதுதான். ஆனால் இத்தனை சீக்கிரம் செத்தால் திரும்பி வருவான் என்று குழந்தைக்கும் தெரியும். வந்தான், ஸ்பெக்டர் என்ற அமானுஷ்ய சக்தியாக. நான்காம் பகுதியில் மறுபடி செத்தான். முதல் மரணத்தில் நம்பாமல் கண்ணீரை மிச்சம் வைத்தவர்கள் இரண்டாவதில் செலவழித்துவிட்டார்கள். இரண்டு தடவையும் அழுதவர்களும் உண்டு.

இடையில் இருந்த ஐந்து வாரத்தை மறந்துவிடாதே. மூன்றாம் பகுதி முடியும்போது எல்லா உலகங்களும் அழிந்து, காலத்துக்கு வெளியே ஏழு பேர் மட்டும் மிஞ்சியிருப்பார்கள். அதில் ஒருவர், பிராண்டன் ரௌத்தின் சூப்பர்மேன், நம் கண்ணெதிரிலேயே துடித்துக் கரைந்து அந்த இடத்தில் லெக்ஸ் லூத்தர் நிற்பான். திரை இருண்டுவிடும். அடுத்தது ஜனவரி 14. கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் அந்தக் கேள்வியோடு போனது. ஆளாளுக்கு ஒரு சித்தாந்தம் வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். நீ 'அடுத்த பகுதி' என்ற பொத்தானை அழுத்தினாய், சில நொடிகளில் விடை வந்துவிட்டது.

2023 ஃப்ளாஷ் திரைப்படத்தில் இதைவிடப் பிரமாதமாகப் பழைய சூப்பர்மேன்களைக் காட்டினார்களே என்கிறாய். காட்டினார்கள். கிறிஸ்டோஃபர் ரீவ், ஜார்ஜ் ரீவ்ஸ் என்று மறைந்தவர்களின் உருவங்களைக் கணினியில் வார்த்தார்கள். அதைப் பார்த்து நெளிந்தவர்கள் நிறையப் பேர், அவர்களில் நானும் ஒருவன். உயிரோடு இருக்கும் கஸ்டின் ஒன்பது பருவம் ஃப்ளாஷாக நடித்துவிட்டு, அந்த ஆண்டு மே மாதம்தான் தொடரை முடித்திருந்தார். ஜூனில் வந்த படத்தில் அவர் இல்லை. தொலைக்காட்சிக்காரர்களிடம் பணம் குறைவு, அதனால் ஆட்களையே நேரில் கூப்பிட்டார்கள். சுருக்கம் விழுந்த முகத்தோடு ஷிப் வந்தார், தளர்ந்த நடையோடு வார்ட் வந்தார். மூலக் காமிக்ஸை எழுதிய வுல்ஃப்மனே நான்காம் பகுதியின் வசனத்தில் கைவைத்தார், கடைசிப் பகுதியில் தெருவில் நின்று ஃப்ளாஷிடமும் சூப்பர்கேர்ளிடமும் கையெழுத்துக் கேட்கும் ரசிகராகவும் வந்தார். தான் கொன்ற இருவரிடம் ஆட்டோகிராஃப் வாங்குகிறார், கவனித்தாயா?

வறண்ட வெளியில் நடக்கும் சண்டைகளைப் பற்றி நீ எழுதியதில் ஒரு வரியைக்கூட மறுக்கமாட்டேன். பிரபஞ்சத்தின் தலைவிதியைத் தீர்க்கிற இடம் கல்குவாரி மாதிரி இருந்தது என்று அன்றே எல்லோரும் சிரித்தார்கள்.

ஆனால் கடைசிப் பகுதியில் வரும் அந்தப் பிரம்மாண்டமான நீலப் பொம்மை படு அபத்தம் என்கிறாயே, அதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. அதன் பெயர் பீபோ. இந்தத் தொடர்களில் ஒன்றான 'லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ'வின் மூன்றாம் பருவத்தில் வைக்கிங்குகள் ஒரு பேசும் பொம்மையைத் தெய்வமாக வைத்துக் கும்பிடும் அத்தியாயம் ஒன்று உண்டு. முதலில் அதைப் பார். பார்த்த பிறகும் அபத்தம்தான் என்றால் எழுது, அம்மாவையும் கூட்டிவைத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
மாமா