வினைவகையைச் சமன்பாடு சொல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் பிளஸ் டூ மாணவர்களுக்காக வெளிவந்த வேதியியல் மாதிரி வினாத்தாளில், ஒரு மதிப்பெண் வினா ஒன்றுக்குத் தந்திருக்கும் விடை தவறு. டைநைட்ரஜன் பென்டாக்சைடு சிதைந்து நைட்ரஜன் டைஆக்சைடும் ஆக்சிஜனும் தரும் வினையின் வினைவகை என்ன என்பது கேள்வி. வினைவகை என்பது, வினையின் வேகம் செறிவின் எத்தனையாவது அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது என்று சொல்லும் எண்; செறிவை இரட்டிப்பாக்கும்போது வேகம் இரண்டு மடங்கானால் ஒன்று, நான்கு மடங்கானால் இரண்டு. இரண்டு என்று விடை போட்டு, ‘சமன்பாட்டில் வினைபடுபொருளின் கெழு 2, ஆகவே இரண்டாம் வகை’ என்று விளக்கமும் கொடுத்திருக்கிறீர்கள். சரியான விடை ஒன்று. வெறும் அச்சுப்பிழை என்றால் விட்டிருப்பேன். இங்கே விளக்கமே தவறு.

கல்லூரியில் இயற்பிய வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் மாலையில் தெருப்பிள்ளைகள் சந்தேகம் கேட்க வருகிறார்கள். கெழுக்களை, அதாவது சமன்பாட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் வரும் எண்களை, கூட்டினால் வினைவகை வந்துவிடும் என்ற இந்தக் குறுக்குவழி அவர்களுடைய டியூஷன் நோட்டிலும் இருக்கிறது. இப்போது பத்திரிகையிலும் வந்துவிட்டதால் நான் சொல்வதை நம்ப மறுக்கிறார்கள்!

குழப்பம் எங்கே வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. வினைவேகத்தை வரையறுக்கும்போது கெழுக்களுக்கு வேலை உண்டு. இந்த வினையில் பென்டாக்சைடு குறையும் வேகத்தில் பாதி வேகத்தில்தான் ஆக்சிஜன் உருவாகும், நைட்ரஜன் டைஆக்சைடு இரண்டு மடங்கு வேகத்தில் உருவாகும். எந்தப் பொருளை அளந்தாலும் ஒரே எண் கிடைக்க வேண்டும் என்பதற்காக அந்தந்தக் கெழுவால் வகுக்கிறோம். கெழுவின் வேலை அதோடு முடிந்தது. செறிவை இரட்டிப்பாக்கினால் வேகம் எத்தனை மடங்காகும் என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் பரிசோதனையில்தான் கிடைக்கும். வினை ஒரே படியில் நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கெழுவை நம்பலாம்.

இந்தப் பென்டாக்சைடு வினையை 1921-ல் டேனியல்ஸ், ஜான்ஸ்டன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அளந்தார்கள். மூடிய கலத்தில் வாயுவைச் சிதையவிட்டு, அழுத்தம் ஏறுவதைக் குறித்துக்கொண்டே வந்தார்கள். 45 டிகிரி செல்சியஸில் பாதி சிதைய ஏறக்குறைய 23 நிமிடம். மிச்சமிருப்பதில் பாதி சிதைய எவ்வளவு நேரம்? மறுபடியும் அதே 23 நிமிடம். உங்கள் விடைப்படி இரண்டாம் வகையாக இருந்திருந்தால் அடுத்த பாதிக்கு 46 நிமிடம் ஆகியிருக்கும். பாதி சிதைய ஆகும் இந்த நேரம், அதாவது அரை வாழ்காலம், தொடக்கச் செறிவைப் பொறுத்து மாறவில்லை என்றால் அது முதல் வகை. இதைப் பிள்ளைகள் மனப்பாடமாகவே சொல்வார்கள். அந்த வாக்கியத்தையும் இந்தக் கேள்வியையும் சேர்த்துப் பார்க்கத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

இன்னொரு உதாரணம் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. அமிலத்தில் அசிட்டோனும் அயோடினும் வினைபுரிவது. சமன்பாட்டில் அசிட்டோன் ஒன்று, அயோடின் ஒன்று. குறுக்குவழிப்படி மொத்த வினைவகை இரண்டு. பரிசோதனையிலும் இரண்டுதான் வரும். ஆனால் அது எந்த இரண்டு?

எங்கள் ஆய்வகத்தில் இதைச் செய்யும்போது அசிட்டோன், நீர்த்த அமிலம், அயோடின் மூன்றையும் ஒரு குடுவையில் கலந்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை பிப்பெட்டில் 10 மில்லி எடுத்து சோடியம் அசிட்டேட் கரைசலில் விடுவோம். அமிலம் அடங்கி வினை அங்கேயே நின்றுவிடும். அப்புறம் மிச்சமிருக்கும் அயோடினை அளக்க, ஸ்டார்ச் போட்டு தயோசல்பேட்டால் டைட்ரேஷன். பியூரெட் அளவை நேரத்துக்கு எதிராக வரைந்தால் கோடு ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக இறங்கும். அயோடின் குறையக் குறைய வேகமும் குறைந்திருந்தால் கோடு வளைந்திருக்க வேண்டுமே! அயோடினை இரண்டு மடங்காக எடுத்துச் செய்யச் சொல்வேன். கோட்டின் சரிவு மாறாது, நிறம் முழுதாகப் போகத்தான் இரட்டிப்பு நேரம் ஆகும். அசிட்டோனைப் பாதியாக்கினால் சரிவு பாதி. அமிலத்தைப் பாதியாக்கினாலும் சரிவு பாதி. ஆக அயோடினைப் பொறுத்துப் பூஜ்ய வகை, அசிட்டோனைப் பொறுத்து ஒன்று, சமன்பாட்டின் இடப்பக்கத்தில் பெயர்கூட இல்லாத அமிலத்தைப் பொறுத்து ஒன்று. கூட்டினால் இரண்டு! குறுக்குவழி சொன்ன இரண்டுக்கும் இந்த இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இப்படித் தற்செயலாக மார்க் வாங்கித் தரும் குறுக்குவழிதான் ரொம்ப ஆபத்தானது.

காரணம் இதுதான். முதலில் அமிலத்தின் உதவியோடு அசிட்டோன் மெதுவாக ஈனால் என்ற இன்னொரு மூலக்கூறு வடிவத்துக்கு மாறுகிறது. மாறிய மறுகணமே அயோடின் அதைப் பிடித்துக்கொள்கிறது. ரேஷன் கடையில் எடை போடுபவர் ஒருவர்தான் என்றால், வெளியே பத்துப் பேர் நின்றாலும் நூறு பேர் நின்றாலும் ஒரு மணி நேரத்துக்கு அரிசி வாங்கிப் போகிறவர்கள் எண்ணிக்கை ஒன்றுதான். அயோடின் இங்கே வரிசையில் நிற்கும் கூட்டம்.

ஹைட்ரஜனும் அயோடினும் சேருவது இரண்டாம் வகை. சமன்பாட்டில் அயோடினை எடுத்துவிட்டு புரோமினைப் போடுங்கள், கெழுக்கள் அப்படியே இருக்கும். ஆனால் ஜெர்மன் வேதியியலாளர் போடன்ஸ்டைன் அளந்தபோது தொடக்க வேகம் புரோமின் செறிவின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதத்தில் வந்தது. ஹைட்ரஜனைப் பொறுத்து ஒன்று, புரோமினைப் பொறுத்து அரை, மொத்தம் ஒன்றரை. எந்தக் கெழுவைக் கூட்டி ஒன்றரை வரவழைப்பது?

இவ்வளவும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்கலாம். செய்முறை என்றால் டைட்ரேஷனும் உப்புப் பகுப்பாய்வும் என்றே பள்ளிகளில் பழகிவிட்டது. வேகவியலைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்த பிள்ளைக்கு வினைவகை என்பது கெழுவின் இன்னொரு பெயராகத்தான் தெரியும். இத்தனைக்கும் ஒரு நல்ல பரிசோதனைக்குத் தெர்மோஸ்டாட்கூட வேண்டாம். தயோசல்பேட், அந்தக் காலத்தில் போட்டோ ஸ்டூடியோக்களில் ஹைப்போ என்று புழங்கிய அதே உப்பு, கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம், ஒரு பீக்கர், செல்போனில் ஸ்டாப்வாட்ச். வெள்ளைத் தாளில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டு அதன்மேல் பீக்கரை வையுங்கள். அமிலம் ஊற்றிய பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அப்புறம் லேசாக நீலம் பாரித்துக் கலங்கி, வெளிர் மஞ்சளாகக் கந்தகம் திரண்டு, மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குக் குறி மறைந்துவிடும். அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹைப்போ கரைசலை 50, 40, 30, 20, 10 மில்லி என்று குறைத்து, ஒவ்வொரு முறையும் தண்ணீர் சேர்த்து 50 ஆக்கிவிட வேண்டும். தண்ணீர் சேர்க்க மறந்தால் பீக்கரில் திரவத்தின் உயரம் மாறி எல்லாம் கெட்டுவிடும். நேரத்தின் தலைகீழியை (1/நேரம்) ஹைப்போவின் அளவுக்கு எதிராக வரைந்தால் கிட்டத்தட்ட நேர்கோடு வரும், அதாவது ஹைப்போவைப் பொறுத்து முதல் வகை. ஜன்னலைத் திறந்து வைப்பது கட்டாயம், கந்தக டைஆக்சைடு வரும். ஆஸ்துமா உள்ள பிள்ளை தள்ளி நின்று நேரம் பார்க்கட்டும்.

தாங்கள் திருத்தம் வெளியிடும்போது ‘இரண்டு என்பதை ஒன்று எனத் திருத்தி வாசிக்கவும்’ என்று மட்டும் போட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று என்பதையும் மனப்பாடம் செய்துகொண்டு போய்விடுவார்கள். கேள்வியையே மாற்றிவிடுங்கள். பென்டாக்சைடின் தொடக்கச் செறிவு லிட்டருக்கு 0.02 மோலாக இருக்கும்போது அது சிதையும் வேகம் லிட்டருக்கு விநாடிக்கு 0.00001 மோல், செறிவை 0.04 ஆக்கும்போது 0.00002, 0.06 ஆக்கும்போது 0.00003 என்று மூன்று வரி அட்டவணை கொடுத்து, வினைவகையையும் வேக மாறிலியையும் அதன் அலகையும் கேளுங்கள். சமன்பாட்டை அச்சிடவே வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியை,
பாளையங்கோட்டை