குளிசை உறையில் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

எனக்குத் தைரொயிட் குறைவு; அதாவது கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி தைரொட்சின் என்ற ஓமோனைப் போதிய அளவு சுரப்பதில்லை. 8 மாதமாக விடியப் பால் தேத்தண்ணீரோடு தைரொட்சின் குளிசையையும் கல்சியம் குளிசையையும் ஒன்றாகவே விழுங்கி வந்தேன். மருந்துக் கடையில் தந்த உறையில் ‘காலை 1’ என்று மட்டும்தான் இருந்தது. களைப்புப் போகவில்லை, இரத்தப் பரிசோதனையில் ரீ.எஸ்.எச். 14. கூடித்தானே இருக்கிறது, அப்போ சுரப்பி நன்றாக வேலை செய்கிறதாக்கும் என்று நினைத்துவிட்டேன்!

கதை தலைகீழ். ரீ.எஸ்.எச். கழுத்துச் சுரப்பியில் வருவதல்ல. மூளைக்கு அடியில் பட்டாணிக் கடலை அளவில் இருக்கும் கபச்சுரப்பி அனுப்பும் ஓமோன் அது. இரத்தத்தில் தைரொட்சின் குறையக் குறைய, ‘இன்னும் சுர, இன்னும் சுர’ என்று கழுத்துச் சுரப்பியை அது விரட்டும். கல்சியமும் இரும்புச்சத்தும் தைரொட்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துவிடுமாம். 4 மணித்தியால இடைவெளி வேண்டும். இப்போது வெறும் வயிற்றில் தண்ணீரோடு குளிசை, ஒரு மணித்தியாலம் பொறுத்துத்தான் தேத்தண்ணீர். (அந்த ஒரு மணித்தியாலம் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.) 8 வாரத்தில் ரீ.எஸ்.எச். 3.8க்கு இறங்கிவிட்டது.

மருந்துக் கடைக்காரர்கள் உறையில் ‘வெறும் வயிற்றில்’ என்று தமிழிலும் எழுதித் தரக் கூடாதா?

ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 6