50 டன் கிரேன் எல்லா நேரமும் 50 டன் தூக்காது

ஆசிரியருக்கு,

டெலஸ்கோபிக் கிரேனை வாடகைக்கு எடுப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை டன்?" என்றுதான். அந்த எண், பூமை (கிரேனின் நீளும் கையை) முழுதும் உள்ளிழுத்து, சுழல் மையத்திலிருந்து சுமார் 3 மீட்டருக்குள் தூக்கும்போது மட்டுமே பொருந்தும். ஒன்றினுள் ஒன்றாகச் செருகிய எஃகுப் பெட்டிகளை ஹைட்ராலிக் சிலிண்டர் வெளியே தள்ளத் தள்ள, பாரம் வண்டியை விட்டு விலகும். கவிழ்க்கும் விசை கூடும். 25 மீட்டர் எட்டத்தில் அதே 50 டன் வண்டி சில டன்களோடு நின்றுவிடும். கொக்கி, சிலிங் (பாரத்தைக் கட்டும் கயிறு, பட்டை) எடையும் அதற்குள் அடக்கம்.

பல விபத்துகள் தரையில்தான் தொடங்குகின்றன. அவுட்ரிகர் எனப்படும் தாங்கு கால்கள் நான்கையும் முழுதாக நீட்டி, டயர்கள் தரையை விட்டு எழும்பும்படி உயர்த்தி, மட்டம் பார்க்க வேண்டும். பூம் எந்த மூலைக்கு மேல் திரும்புகிறதோ, அந்த ஒற்றைக் காலில் பெரும்பகுதிச் சுமை இறங்கும். அடியில் மூடிய கால்வாயோ புதிதாக நிரப்பிய பள்ளமோ இருந்தால், சின்னப் பலகைத் துண்டு காப்பாற்றாது. கால் புதைந்து வண்டி சாயும். இடம் போதவில்லை என்று காலைப் பாதி நீட்டுவதும் இதே ஆபத்துதான்.

2023 ஜனவரியில் அரக்கோணம் அருகே கீழ்வீதி கோயில் விழாவில் ஆட்களைத் தொங்கவிட்டிருந்த கிரேன் சாய்ந்து உயிர்கள் போயின. சுமை தூக்கும் கிரேனில் ஆட்களைத் தொங்கவிடவே கூடாது.

எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்று காட்டும் லோடு சார்ட் கேபினில் இருக்கிறதா, சுமை எச்சரிக்கைக் கருவியை யாராவது பைபாஸ் செய்து செயலிழக்க வைத்திருக்கிறார்களா என்பதை அனுமதி தரும் அதிகாரிகள் நேரில் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

– கட்டுமானப் பாதுகாப்புப் பணியாளர்கள், சென்னை